டோபமைன்: தாளம் தப்பும்போது விழித்துக்கொள்ளும் செல்கள்!

கடந்த சில வாரங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒரு சொல் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 'ரீல்ஸ் பார்த்தால் டோபமைன் ஏறுமாமே?', 'டோபமைன் டீடாக்ஸ் இருந்தால் படிப்பில் கவனம் வருமா?', 'பையன் எப்பவும் போனும் கையுமா இருக்கான், டோபமைனைக் குறைக்க மாத்திரை ஏதாவது இருக்கா?'

கடைசிக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால், அவை தீவிரமான மனநோய்களுக்காக மனநல மருத்துவர் எழுதிக்கொடுப்பவை. போன் பழக்கத்துக்கு அவற்றைத் தேடிப் போகாதீர்கள்.

மற்ற கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. டோபமைன் என்றாலே 'இன்ப ரசாயனம்' என்று நாம் பழகிவிட்டோம். லட்டு சாப்பிட்டால் டோபமைன், லைக் விழுந்தால் டோபமைன். ஆனால் இந்த ரசாயனத்தைச் சுரக்கும் மூளை செல்களின் பக்கத்தில் மெல்லிய கம்பியை வைத்து, அவை துடிப்பதை வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் சொல்லும் கதை வேறு. எவ்வளவு கிடைத்தது என்பதோடு, எப்போது கிடைத்தது என்பதையும் அந்த செல்கள் கணக்கு வைக்கின்றன. ஒழுங்காக, சொன்ன நேரத்துக்கு வருவதை அவை கண்டுகொள்வதே இல்லை. தாளம் தப்பினால்தான் எழுந்து உட்காருகின்றன.

முயலின் காது தொங்கியபோது...

டோபமைன் மூளையில் தனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறது என்று காட்டியவர், ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன். ஆண்டு 1957. அவர் கையில் எடுத்த மருந்தின் பெயர் ரிசர்பின். இதற்கு நம் ஊர்ச் சம்பந்தம் உண்டு. நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் சர்ப்பகந்தா செடியின் வேரிலிருந்து எடுக்கப்பட்டது இது. பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதற்குப் பிறகுதான் உலகமே இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

கார்ல்சன் ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அப்படியே சுருண்டு, காது தொங்கி, அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு, உடலுக்குள் போனதும் டோபமைனாக மாறும் 'எல்-டோபா' என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் நடமாட ஆரம்பித்தன. இந்த ஆராய்ச்சிக்காக 2000-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

'டோபமைன் ஃபாஸ்டிங்' என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த முயல்களின் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. டோபமைன் நிஜமாகவே காலியானால் நிம்மதி வராது. எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. இந்த ஃபாஸ்டிங்கை 2019-ல் பிரபலமாக்கிய கலிஃபோர்னிய மனநல நிபுணரே, பெயரை அப்படியே அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது, அது கவர்ச்சிக்காக வைத்தது என்ற பொருளில்தான் பேசினார். சில பழக்கங்களிலிருந்து கொஞ்ச நேரம் விலகியிருங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதில் தவறில்லை. ஆனால், அது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி நம்மிடம் வந்து சேரும்போது 'ரத்தத்திலிருக்கும் டோபமைனை வடிகட்டும் முறை' ஆகிவிட்டது!

தனியாக விட்டால் கடிகாரம்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. நடுமூளையில் இருக்கும் டோபமைன் நியூரான்கள் ஏறக்குறைய 4 முதல் 6 லட்சம்தான். கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அந்தக் கணக்கு. ஆனால் இவற்றின் கிளைகள் மூளையின் பெரும்பகுதிக்குப் பரவியிருக்கின்றன.

இவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. எலியின் மூளையிலிருந்து ஒரு மெல்லிய துண்டை வெட்டி, கிண்ணத்தில் உயிரோடு வைத்தால், அதிலிருக்கும் டோபமைன் செல் யார் தூண்டுதலும் இல்லாமல் தானாகவே துடிக்கிறது. நொடிக்குச் சில தடவை, டிக்... டிக்... டிக்... என்று சுவர்க் கடிகாரம் போல. இதயத்தைத் துடிக்க வைக்கும் செல்கள் எப்படித் தாமாகவே தாளம் போடுகின்றனவோ, அப்படி.

அதே செல், உயிருள்ள விலங்கின் தலைக்குள் இருக்கும்போது தாளம் மாறுகிறது. மூளையின் பல மூலைகளிலிருந்து 'துடி', 'நிறுத்து' என்று செய்திகள் வந்துகொண்டே இருப்பதால் டிக் டிக் ஒழுங்கு கலைகிறது. நடுநடுவே சில துடிப்புகள் சேர்ந்து படபடவென்று வருகின்றன. தீபாவளிக்கு ஒற்றை வெடி, சரவெடி என்று இரண்டு உண்டல்லவா, அதுபோல இந்த செல்களுக்கும் இரண்டு மொழி. எலிகளில் இதை விரிவாகப் பதிவு செய்து 1984-ல் வெளியிட்டார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆண்டனி கிரேஸும் பெஞ்சமின் பன்னியும்.

ஒற்றை வெடியோ சரவெடியோ, மொத்த வெடி ஒன்றுதானே என்று தோன்றலாம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபிரான்சுவா கோனான் இதைச் சோதித்துப் பார்த்தார். டோபமைன் செல்களின் நரம்பு இழைகளுக்கு மின்தூண்டல் கொடுத்தார். ஒருமுறை சீரான இடைவெளியில். இன்னொரு முறை, சராசரி எண்ணிக்கையை மாற்றாமல், கொத்துக் கொத்தாக. 1988-ல் வெளியான முடிவின்படி, கொத்தாகக் கொடுத்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு டோபமைன் சேர்ந்தது.

காரணம் எளிமையானது. அடியில் ஓட்டையுள்ள ஒரு வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், அடுத்த செம்பு வருவதற்குள் வடிந்துவிடும். பத்துச் செம்பையும் ஒரேயடியாக ஊற்றினால் வாளியில் தண்ணீர் மட்டம் ஏறும். மூளையிலும் வெளியே வந்த டோபமைனை உடனுக்குடன் உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. சரவெடி வேகத்தில் வந்தால் அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

ஆக, டோபமைன் ஏறுகிறதா என்ற கேள்வியை, இந்த செல்களைச் சரவெடி வெடிக்க வைப்பது எது என்றுதான் கேட்க வேண்டும்.

சம்பளம் வந்தால் சத்தமில்லை

அந்தக் கேள்விக்கு விடை கொடுத்தவை சில குரங்குகள். ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் டோபமைன் செல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டுப் பழச்சாறு குரங்கின் வாயில் விழுந்தால், செல் படபடவென வெடித்தது. இதுவரை 'இன்ப ரசாயனம்' கதையோடு பொருந்துகிறது.

பிறகு, சாறு தருவதற்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார். விளக்கு, சிறிது நேரம் கழித்துச் சாறு. விளக்கு, சாறு. குரங்கு கற்றுக்கொண்டதும் செல்லின் நடத்தை மாறியது. விளக்கு எரிந்ததும் வெடித்தது. சாறு வந்தபோது ஒன்றும் செய்யவில்லை! அதே சாறு, அதே குரங்கு, அதே ருசி. ஆனால் செல்லுக்கு அது செய்தியே இல்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். விளக்கை எரியவிட்டு, சாறு தராமல் ஏமாற்றினார்கள். சாறு வர வேண்டிய அந்த நொடியில், அது எப்போதும் போட்டுக்கொண்டிருக்கும் டிக் டிக் கூட நின்றுபோனது. சாறு வராத நேரத்தில் வெளியே எதுவும் நடக்கவில்லை. சத்தமில்லை, வெளிச்சமில்லை. ஆனாலும் 'இப்போது வந்திருக்க வேண்டும்' என்று அந்த செல்லுக்குத் தெரிந்திருக்கிறது. சாற்றை அரை நொடி முன்னதாகக் கொடுத்தால், அந்தப் புது நேரத்தில் வெடித்தது. அரை நொடி தாமதித்தால், வழக்கமான நேரத்தில் அடங்கிப்போய், வந்தபோது வெடித்தது.

நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், மாதம் 1-ம் தேதி சம்பளம் வங்கியில் ஏறிய எஸ்.எம்.எஸ்-ஸுக்கு யாரும் துள்ளுவதில்லை. 17-ம் தேதி திடீரென்று அரியர்ஸ் ஏறினால் வீடே குதூகலிக்கும். 1-ம் தேதி சாயங்காலம் வரை எஸ்.எம்.எஸ் வரவில்லையென்றால்? அந்த வயிற்றுக் கலக்கம் இருக்கிறதே, அதன் குரங்கு வடிவம்தான் மேலே சொன்ன மௌனம்.

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமைன் செல்கள் அறிவிக்கின்றன என்று 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க ஏற்கெனவே கணித வல்லுநர்கள் வைத்திருந்த ஒரு சூத்திரம் இந்தக் குரங்குகளின் செல்களோடு ஒத்துப்போனது. செல்கள் சந்தோஷப்படுவதைவிடப் பாடம் கற்பிக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கின்றன. எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தால் கற்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் மௌனம்.

பூவா, தலையா?

எல்லாம் ஒழுங்காக வந்தால் செல் அடங்கிவிடும். சரி, ஒழுங்கே இல்லாமல் வந்தால்?

ஷுல்ட்ஸ், கிறிஸ்டோஃபர் ஃபியோரில்லோ, ஃபிலிப் டோப்ளர் மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் குரங்குகளுக்குப் பல படங்கள் காட்டப்பட்டன. ஒரு படம் வந்தால் சாறு நிச்சயம். ஒன்று வந்தால் நிச்சயமாக இல்லை. இன்னொன்று வந்தால் பாதி வாய்ப்பு, பூவா தலையா போல. நிச்சயமான படங்களுக்கு, படம் தெரிவதற்கும் முடிவு தெரிவதற்கும் இடைப்பட்ட காலத்தில் செல்கள் சாதாரணமாக இருந்தன. பாதி வாய்ப்புள்ள படத்துக்கோ, காத்திருக்கும் அந்த இரண்டு நொடிகளில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. சந்தேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் ஏற்றமும் உச்சம். இந்த ஏறுமுகத்துக்கு வேறு விளக்கம் சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு, விவாதம் நடந்தது. ஆனால், வாய்ப்பு குறையக் குறைய, கிடைக்கும்போது வெடிக்கும் வெடி பெரிதாகிறது என்பதில் சர்ச்சையில்லை.

செல்லைக் கேட்கும் வசதி வருவதற்கு முன்பே, நடத்தையை மட்டும் பார்த்து இதன் விளைவைக் கண்டவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர். பித்தானைக் கொத்தினால் தானியம் கிடைக்கும்படி புறாக்களைப் பழக்கினார். இத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று கணக்காகக் கொடுத்தால், தானியம் கிடைத்ததும் புறா சற்று ஓய்வெடுத்தது. எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்பதை மாற்றி மாற்றி வைத்தபோது, ஓய்வே எடுக்காமல் கொத்தித் தள்ளியது. தானியத்தை முழுவதும் நிறுத்திய பிறகும் நெடுநேரம் விடவில்லை. சூதாட்ட மெஷின்கள் ஓடுவது இந்த விதியில்தான் என்று ஸ்கின்னரே சொல்லியிருக்கிறார்.

இங்கே போனுக்கு வருவோம். திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதிதாக ஏதாவது வரலாம், வராமலும் போகலாம். அடுத்த ரீல் அருமையாக இருக்கலாம், அறுவையாகவும் இருக்கலாம். டிங் சத்தம் உயிர்த்தோழியாக இருக்கலாம், லோன் விளம்பரமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் பூவா தலையா. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பதால் நோட்டிஃபிகேஷன் அனுப்புவதும் என் வேலையில் ஒரு பகுதி. அனுப்பிய சில நிமிடங்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கோடு திரையில் ஏறுவதைப் பார்க்கலாம். அந்தக் கோட்டைப் பார்க்க நானும் அடிக்கடி 'ரெஃப்ரெஷ்' தட்டுவேன் என்பது வேறு விஷயம்!

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குரங்குக்குச் சாறு கொடுத்த ஆய்வை வைத்துக்கொண்டு, 'ரீல்ஸ் பார்த்தால் டோபமைன் இத்தனை சதவீதம் ஏறும்' என்று யூடியூபில் எண் சொல்பவர்களை நம்பாதீர்கள். மனித மூளையின் உள்ளே கம்பி விட்டு யாரும் ரீல்ஸ் காட்டி அளந்துகொண்டிருக்கவில்லை. வாய்ப்பு நிச்சயமில்லாத பரிசு, பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் என்பதுதான் உறுதியாகத் தெரிந்த விஷயம்.

அப்படியானால் என்ன செய்வது? மொத்தமாக நிறுத்திவிட வேண்டியதுதானா? இதற்கு 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சுவாரஸ்யமான பதில் தந்தது. இருநூற்றுச் சொச்சம் பேரைப் பிரித்து, இரண்டு வாரம் சோதித்தார்கள். சிலருக்கு நோட்டிஃபிகேஷன்கள் வழக்கம்போல வந்தபடி இருந்தன. சிலருக்கு நாளைக்கு மூன்று வேளை, குறித்த நேரத்தில் மொத்தமாக வந்தன. சிலருக்கு அறவே இல்லை. மூன்று வேளைக்காரர்கள் கவனமும் மனநிலையும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். அறவே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த நன்மை பெரிதாகக் கிட்டவில்லை. எதையோ தவறவிடுகிறோமோ என்ற பதற்றம்தான் கூடியது. இந்த ஆய்வில் யாரும் டோபமைனை அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் முழுப் பட்டினியைவிட, மூன்று வேளைச் சாப்பாடு நல்லது என்ற முடிவு எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

ஐபோனில் நோட்டிஃபிகேஷன்களைக் குறித்த நேரத்தில் தொகுத்துத் தரும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. மற்ற போன்களில், அழைப்பு வரும் ஆப்களைத் தவிர மற்றவற்றின் சத்தத்தை அணைத்துவிட்டு, பார்ப்பதற்கு நீங்களே நேரம் வைத்துக்கொள்ளலாம். பையனின் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு முன், அந்த அம்மா இதை முயன்று பார்க்கலாம்.

வாசற்படியில் நிற்கும் கால்கள்

இதுவரை சொன்னது டோபமைன் செல்கள் நன்றாக இருப்பவர்களின் கதை. இந்த செல்களை இழந்தவர்களின் கதையும் இருக்கிறது. அங்கே தாளத்துக்கு வேறு மதிப்பு.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய சிறு நூலில் விவரித்த நடுக்குவாதம்தான் இன்று பார்க்கின்சன் நோய் எனப்படுகிறது. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் பகுதியிலுள்ள டோபமைன் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுங்குவதும் உடல் விறைப்பதும் வெளியே தெரிய ஆரம்பிக்கும்போது, அங்கே பாதிக்கு மேல் போய்விட்டிருக்கும். கார்ல்சனின் முயல்களை எழுப்பிய அதே எல்-டோபாதான் இன்றும் இவர்களுக்கு முக்கிய மருந்து. நம் ஊர்ப் பூனைக்காலி விதையில் இது இயற்கையாகவே இருக்கிறது. அதற்காக விதையை இடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். அளவு எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் விபரீதமாகலாம்.

இந்த நோயில் வீட்டிலுள்ளவர்களை அதிகம் குழப்புவது ஒன்று உண்டு. பெரியவர் கூடத்தில் நடந்து வருவார். அறை வாசற்படிக்கு வந்ததும் பசை போட்டு ஒட்டியதுபோல் கால் நின்றுவிடும். "மாமா, காலை எடுத்து வைங்க" என்பார் மருமகள். அசைய மாட்டார். "இப்பதானே மாடிப்படி விறுவிறுன்னு ஏறினாரு, இங்க மட்டும் ஏன் நிக்கறாரு? வேணும்னே பண்றாரு" என்று மகனிடம் சொல்வார். மகனும் எரிச்சலில் கையைப் பிடித்து இழுப்பார். விழுந்து இடுப்பு எலும்பு முறிவது பல சமயம் இப்படித்தான்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நடக்கும்போது 'அடுத்த அடி, அடுத்த அடி' என்று உள்ளுக்குள் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் டோபமைனை நம்பியிருக்கும் மூளைப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. அந்த உள்தாளம் பழுதாகிவிட்டது. மாடிப்படி கண்ணுக்கு முன்னால் 'இங்கே வை, இங்கே வை' என்று வரிசையாகக் காட்டுகிறது. சமதளம் எதையும் காட்டுவதில்லை. அதனால்தான் படியேற முடிந்தவர் வெறும் தரையில் நின்றுபோகிறார்.

உள்ளே தாளம் இல்லையென்றால் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் கொலராடோவில் இசைக்கலைஞரும் ஆய்வாளருமான மைக்கேல் தௌட்டும் அவர் குழுவினரும் இதைச் செய்து பார்த்து 1996-ல் வெளியிட்டார்கள். தாளம் அழுத்தமாகக் கேட்கும் இசையைப் போட்டு, அதற்கேற்ப நடக்கும்படி நோயாளிகளை மூன்று வாரம் பழக்கினார்கள். நடை வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது. அடிகளின் நீளமும் கூடியது. அதன் பிறகு பல நாடுகளில் இந்தப் பயிற்சி ஆராயப்பட்டு, பிசியோதெரபியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. காதில் கேட்கும் சீரான தாளம், பழுதான பாதையைச் சுற்றிக்கொண்டு, சிறுமூளை போன்ற வேறு பகுதிகள் வழியாகக் கால்களைச் சென்றடைகிறது என்று கருதப்படுகிறது.

வீட்டில் செய்யக் கூடியதும் இதுதான். கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். "நில்லுங்க... இப்ப என்கூட எண்ணுங்க, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று ஒரே சீராக எண்ணி, 'ஒண்ணு' வரும்போது அடி வைக்கச் சொல்லலாம். மெதுவாகக் கை தட்டலாம். வாசற்படிக்கு முன்னால் தரையில் குறுக்காக நிற டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொல்லலாம். போனிலேயே மெட்ரோனோம் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. டிக் டிக் என்று சொன்ன வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். எந்த வேகம் அவருக்குச் சரி என்பதை பிசியோதெரபிஸ்ட் நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்வார். எல்லோருக்கும் எல்லாம் பலிப்பதில்லை. ஒருவருக்கு எண்ணிக்கை, இன்னொருவருக்குக் கோடு.

மருந்து பற்றியும் ஒரு முக்கியமான தகவல். பார்க்கின்சனுக்குத் தரப்படும் மாத்திரைகளில் ஒரு வகை, டோபமைனைப் போலவே நடித்து அதன் வேலையைச் செய்பவை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை இந்த வகை. இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டுக்கட்டையே தொடாதவராக இருந்தாலும், சூதாட்ட வெறி பிடிக்கலாம். சிலர் அளவில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதோ ஒரு கட்டுப்பாடில்லாத நடத்தை இருந்தது. சாப்பிடாதவர்களில் 7 சதவீதம். பூவா தலையா விளையாட்டுக்கும் டோபமைனுக்கும் உள்ள உறவுக்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம். வீட்டுப் பெரியவர் திடீரென்று ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இறைத்தால், 'இந்த வயசுல புத்தி கெட்டுப்போச்சு' என்று சண்டை போடும் முன் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். நீங்களாகச் சட்டென்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்து.

மூளைக்குள் ஒரு மின்தாளம்

மருந்து போதாமல் போகும் சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி வைத்துத் தூண்டும் அறுவை சிகிச்சை உண்டு. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 1987-ல் அலிம் லூயி பெனபிட் இதைத் தொடங்கிவைத்தார். தமிழகத்திலும் சில பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். கம்பி வைக்கப்படுவது டோபமைன் செல்களில் இல்லை. அவை அழிந்ததால் தறிகெட்டுப் போன பக்கத்துப் பகுதிகளில். நொடிக்கு 130 துடிப்பு என்பது வழக்கமான கணக்கு, ஒன்றுக்கொன்று துல்லியமான ஒரே இடைவெளியில்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாரன் கிரில்லின் குழுவினர், இடைவெளியைக் கலைத்துப் பார்த்தார்கள். சராசரி எண்ணிக்கை அதேதான். ஆனால் துடிப்புகள் தாறுமாறாக வரும்படி செய்தார்கள். சிகிச்சையின் பலன் குறைந்துபோனது. நடுக்கமும் அசைவு மந்தமும் சீரான தாளத்துக்கு அடங்கிய அளவுக்கு அடங்கவில்லை. நோயால் கொத்துக்கொத்தாகவும் ஒழுங்கில்லாமலும் துடித்துக்கொண்டிருக்கும் பகுதியில் போய் இன்னும் ஒழுங்கின்மையைச் சேர்த்தால் வேறு என்ன ஆகும்?

கதை அதோடு முடிந்திருந்தால் 'ஒழுங்கே சிறந்தது' என்று எழுதிவிடலாம். ஆனால் இதே குழுவினர் 2013-ல், சீரில்லாத சில வகைத் தாளங்கள் சீரான தாளத்தைவிட நன்றாக வேலை செய்வதைக் கண்டார்கள். பிறகு கம்ப்யூட்டரிடம் வேலையைக் கொடுத்து, ஆயிரக்கணக்கான தாளங்களைக் கலந்து, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் கலந்து, ஒரு புதுத் தாளத்தை உருவாக்கினார்கள். அதில் சராசரியாக நொடிக்கு 45 துடிப்புதான். நோயாளிகளிடம் சோதித்தபோது, 130 துடிப்புக்கு நிகரான பலன் கிடைத்ததாக 2017-ல் அறிவித்தார்கள்.

130-க்குப் பதில் 45 என்பது வெறும் எண் விளையாட்டில்லை. இந்தக் கருவியின் பேட்டரி, பொதுவாக நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கப்படுகிறது. ரீசார்ஜ் வசதி இல்லாத பேட்டரியாக இருந்தால், தீரும்போதெல்லாம் மறுபடி அறுத்து மாற்ற வேண்டும், அதற்கான பணமும் கட்ட வேண்டும். துடிப்பு குறைந்தால், எழுபது வயதுக்காரர் ஆபரேஷன் டேபிளில் ஏறும் தடவைகளும் குறையும்.